செட்டிநாட்டு வீடுகள்: கட்டமைப்பும் பங்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், இராயவரம் போன்ற நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களின் பழைய வீடுகளைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. பார்க்க வருகிறவர்கள் தூணையும் தரையையும் பற்றிக் கேட்கிறார்கள். பங்கு உள்ளவர்கள் பத்திரத்தையும் சாவியையும் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டையும் இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இந்த வீடுகளின் சொத்துச் சிக்கலில் பாதி அவற்றைக் கட்டிய விதத்திலேயே இருக்கிறது. சட்டம் பற்றிய பதில்கள் பொதுவானவை. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைப் பத்திரங்களைப் படித்துப் பார்த்த வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

முகப்பில் நுழைந்து பின்வாசல் வரை நடந்தால் என்னென்ன வரும்?

பெரும்பாலான வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசலில் நின்று பார்த்தால், கதவுகள் எல்லாம் திறந்திருக்கும் நாளில், பின்வாசலின் வெளிச்சம் நேராகத் தெரியும்.

முதலில் முகப்பு. தெருவைவிட நன்றாக உயர்ந்த மேடையில், இருபுறமும் திண்ணையோடு இருக்கும். வரவேற்பும் கணக்கு வழக்கும் வட்டிப் பேச்சும் இங்கேதான். கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய இடமும் இதுவே. பிறகு நிலைக்கதவு. அதன் மேல் கஜலட்சுமியும் யாளிகளும் செதுக்கப்பட்டிருக்கும், வீட்டுக்காரர் கையில் மிச்சமிருந்த பணத்தின் அளவு அந்த மரவேலையின் நெருக்கத்தில் தெரிந்துவிடும். கதவைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண்கள் தாங்கும் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். திருமணமும் படைப்பும் (முன்னோர் வழிபாடு) நடக்கும் இடம் இது. அதற்குப் பின் இரண்டாம் கட்டு, அங்கே பந்தி பரிமாறுவதும் பெண்கள் கூடி உட்காருவதும் நடக்கும். மூன்றாம் கட்டில் அடுப்படி, உரல், அம்மி, களஞ்சியம். கடைசியாகக் கிணறும் தோட்டமும் பின்வாசலும்.

சரிந்த ஓட்டுக் கூரைகள் மழைநீரை முற்றத்துக்கு இறக்குகின்றன. அங்கே அண்டாக்களில் பிடித்தது போக மீதி, தரைக்கு அடியில் ஓடும் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊரணிக்கும் போய்ச் சேரும்படி அமைத்தார்கள். தெருக்கள் கட்டம் கட்டமாக நேர்கோட்டில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழை குறைந்த சீமையில் வீட்டுக்கூரையை ஊர் நீர்நிலையோடு இணைத்த யோசனையைவிட எந்தத் தேக்குத் தூணும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இவ்வளவு பெரிய வீட்டில் ஒரே குடும்பமாகவா இருந்தார்கள்?

ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இந்த இடத்தைப் புரிந்துகொள்ளாமல் மற்றக் கேள்விகளுக்குப் போகக்கூடாது.

நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணமாகிச் சில காலம் ஆனதும் அவனையும் மருமகளையும் தனிச் சமையல், தனிச் செலவு என்று வைத்துவிடுவார்கள். ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று கணக்கிட்டுக் கொடுப்பார்கள். வீட்டை விட்டு யாரும் வெளியேறுவதில்லை. அதே வளவில் அந்தத் தம்பதிக்கு ஓர் 'இரட்டை வீடு' ஒதுக்கப்படும். அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறைகள். உள்ளே சீராக வந்த பாத்திரமும் பட்டும் வெள்ளியும். பூட்டும் சாவியும் அந்த ஆச்சியுடையது (மணமான நகரத்தார் பெண்ணை ஆச்சி என்பார்கள்). மூன்றாம் கட்டில் அவளுக்கென்று ஓர் அடுப்பு. மாமியார் அடுப்பு வேறு, ஓரகத்தியின் அடுப்பு வேறு.

அப்போது முதல் அந்தத் தம்பதி ஒரு 'புள்ளி'. நகரக் கோவிலுக்கு, அதாவது நகரத்தாரின் குலப்பிரிவுக் கோவிலுக்கு, கொடுக்கும் வரி புள்ளிக்கணக்கில்தான் வாங்கப்படுகிறது. அந்தக் கோவில்கள் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி.

ஆக, செலவு பிரிந்திருந்தது, சொத்து பிரியவில்லை. கட்டடம் இந்த ஏற்பாட்டை அப்படியே பின்பற்றியது. அறைகள் ஆளுக்கு இவ்வளவு என்று தனித்தனி. முகப்பு, வளவு, பத்தி, கிணறு, இரண்டு வாசல்கள் எல்லாம் பொது. ஒவ்வொரு தனியறைக்கும் வழி பொதுவிடத்தின் ஊடாகத்தான். நான்கு அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசாமலே நாற்பது ஆண்டு ஒன்றாக வாழ முடிந்த வீடு இது. ஆனால் நடுவில் ஒரு சுவர் எழுப்ப முடியாத வீடும் இதுதான். எங்கே எழுப்பினாலும் ஒருவருக்கு வாசல் போய்விடும், இன்னொருவருக்கு வெளிச்சம் போய்விடும்.

கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பிறகு ஏன் நின்றுபோனது?

பெரும்பகுதி கடல் கடந்த வட்டித் தொழிலில் இருந்து. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி வயலாக்கிய விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. அதைக் கொடுக்க நகரத்தார் கடைகள் போயின. இலங்கை, மலேயா, சைகோன் என்று மற்ற இடங்களிலும் கடைகள் இருந்தன, ஆனால் போட்ட முதலீட்டில் பெரும்பங்கு பர்மாவில்தான். 1929–30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள், சில மாதம் தங்குவார்கள், மறுபடி கப்பலேறுவார்கள். இடைப்பட்ட காலத்தில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். வளவுக்குள்ளே எல்லாம் பெண்களின் வசதிக்கு அமைந்திருப்பது இதனால்தான்.

உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1930களின் இறுதியில் 25 சதவீதமானது. அவர்கள் விரும்பிச் சேர்த்த நிலமில்லை அது. முடங்கிப்போன முதல். பர்மியர்களின் கோபத்தையும் அது தேடிக் கொடுத்தது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1963இல் நே வின்னின் இராணுவ அரசு வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. இங்கே வீடு கட்டுவது 1940களோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. பாதியில் நின்ற மாடிகளையும், தூண் நட்டு மேலே எதுவும் எழுப்பாத முகப்புகளையும் இப்போதும் பார்க்கலாம்.

பொருட்கள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்களே?

கண்ணில் படுவதில் பாதி அப்படி: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு உத்தரம், ஜப்பான் பூவோடு (பூப்போட்ட ஓடு). கண்ணில் படாத பாதி உள்ளூர்ச் சரக்கு: செங்கல், சுண்ணாம்பு, நாட்டு ஓடு, கல். வீட்டைக் குளிர்ச்சியாக வைப்பது இந்த இரண்டாவது பாதிதான்.

ஆத்தங்குடிக் கல் தனிக் கதை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை அச்சின் கட்டங்களில் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. பிறகு மினுமினுப்பு ஏறுவது காலடி பட்டுப் பட்டு. ஆள் நடமாட்டமில்லாத வீட்டில் இந்தத் தரை மங்கிக் கிடக்கும்.

சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசினார்கள் என்பது உண்மையா?

உண்மை. புளித்த சுண்ணாம்பை நைய அரைத்து, கடுக்காய் ஊறல், பனைவெல்லம் ஆகியவற்றோடு கலந்து பல பூச்சுகள் பூசி, கடைசிப் பூச்சில் வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இந்தச் சுவரில் சிமென்ட் பூசுவதும் பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பதும் கெடுதல். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாக விழும். விழுந்த பிறகு சுவரைப் பழிப்பார்கள்.

வீட்டைக் கட்டிய ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

முகப்பின் உச்சியிலோ நிலையிலோ ஆண்டு எழுதியிருந்தால் நல்லது. ஆனால் சில இடங்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும், அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 'சித்திரபானு வருஷம்' என்றிருந்தால் அது 1882–83 ஆகவும் இருக்கலாம், 1942–43 ஆகவும் இருக்கலாம். இங்கேதான் கட்டடம் சாட்சி சொல்ல வேண்டும். மரத் தூண், குட்டையான முகப்பு, ஒரே ஒரு வளவு, எங்கும் சுண்ணாம்பு என்றால் முந்தைய ஆண்டு. சிமென்ட், இரும்பு உத்தரம், வண்ணக் கண்ணாடி, வளைந்த ஓரங்களும் நேர்க்கோடுகளுமாக ஆர்ட் டெகோ பாணியில் மாடம் என்றால் பிந்தைய ஆண்டை யோசிக்கலாம். அப்போதும் ஒரு தயக்கம் வேண்டும். 1942 போர்க்காலம், இரும்பு சுலபமாகக் கிடைத்திருக்காது. வேலை அதற்கு முன்பே தொடங்கி அந்த ஆண்டில் புதுமனை புகுந்திருக்கலாம்.

இரும்பு உத்தரத்தின் பக்கவாட்டில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். பெயர்ந்த பூவோட்டைத் திருப்பினால் பின்புறம் தயாரித்த நிறுவனத்தின் முத்திரை தெரியும். முகப்பு மட்டும் புதிது, வளவு பழையது என்பதும் மிகச் சாதாரணம். பர்மாப் பணம் வந்ததும் தாத்தா கட்டிய வளவுக்கு முன்னால் பேரன் பெரிய முகப்பு வைத்தான். ஒரே ஆண்டைத் தேடாதீர்கள்.

காகிதங்களில் கணக்கு ஏடுகள் மிகவும் உதவும். திருமணத்தின்போது எழுதப்படும் இசைபிடிமானமும் (திருமண ஒப்பந்தச் சீட்டு) மொய்ப்பண ஏடும் கூட உறவு முறையையும் புள்ளிகளையும் காட்டும். பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தால் தங்கத்தைத் தேடுவதற்கு முன்பு இவற்றைத் தேடுங்கள்.

வீடு இப்போது யார் பெயரில் இருக்கும்?

பல வீடுகளில் இறந்து அறுபது எழுபது ஆண்டான ஒருவர் பெயரில். சிலவற்றில் யார் பெயரிலும் இல்லை, விலாசத்தின் பெயரில்தான் ஊருக்குத் தெரியும்: முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'இன்னார் வீடு' என்று.

பத்திரம் தேடும்போது ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்று முதலில் பாருங்கள். காரைக்குடிப் பக்கம் சிவகங்கை ஜமீனைச் சேர்ந்தது. அங்கே ஜமீன் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அரசுக்கு வந்தது. இராயவரம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை சமஸ்தானம். அது 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. 1985க்கு முந்தைய சிவகங்கைப் பத்திரங்களில் இராமநாதபுரம் ஜில்லா என்றும், 1948க்கும் 1974க்கும் இடைப்பட்ட புதுக்கோட்டைப் பத்திரங்களில் திருச்சி ஜில்லா என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

கிராமங்களில் பல வீடுகள் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், நிற்கின்றன. நத்தம் அளவை நடந்தபோது ஊரில் இருந்த பங்காளி ஒருவர் பெயரில் பட்டா விழுந்திருக்கும். மற்றவர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருந்திருப்பார்கள். அந்தப் பட்டாவை வைத்து வீடு முழுவதும் தம்முடையது என்று அவர் சொல்ல முடியாது. பட்டா வரி கட்டுபவரைக் காட்டும், உரிமையைத் தனியாக நிரூபிக்காது. மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், விடுதலைப் பத்திரம் (தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) இவைதான் உரிமையைப் பேசும். வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்க்கலாம், அங்கே கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பெண் மக்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு. எவ்வளவு, எப்போதிருந்து என்பதுதான் கேள்வி.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் மனைவியையும் வாரிசாக்கியது. ஆனால் அதன் 23ஆவது பிரிவு குடியிருப்பு வீட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தது: ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. செட்டிநாட்டு வளவுகளில் பல தலைமுறையாகப் பாகமே நடக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 2005 திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது.

பிறப்பால் வரும் கூட்டுக்குடும்ப உரிமையைப் பொறுத்தவரை, தமிழ்நாடு முந்திக்கொண்டது. 1989 மார்ச் 25க்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மாநிலத் திருத்தம் அந்த உரிமையைக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9இல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தம் திருமண நிபந்தனையை எடுத்துவிட்டது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் இது கலைக்காது.

'சீர் கொடுத்தாகிவிட்டது, இனிப் பங்கு எதற்கு' என்று கேட்கும் அண்ணன்மார்கள் இன்றும் உண்டு. சீர் வாரிசுரிமைக்கு ஈடாகாது.

பிள்ளை கூட்டிக்கொண்ட வீடுகளில் பங்கு எப்படி?

நகரத்தாரிடம் சுவீகாரம் அதிகம், அதனால் பங்கு வரிசையில் இந்த முடிச்சு அடிக்கடி வரும். 1956 தத்தெடுப்புச் சட்டத்தின்படி, கூட்டப்பட்ட பிள்ளை புதிய வீட்டின் மகன். பிறந்த வீட்டில் தத்துக்கு முன்பே அவருக்கென்று உரிமையாகிவிட்ட சொத்து இருந்தால் அது அவரோடு தொடரும். இல்லையென்றால் அந்த வீட்டில் அவருக்குப் பங்கில்லை. பதிவான தத்துப்பத்திரம் இருந்தால் பாதி வழக்கு குறையும்.

ஒருவர் மட்டும் தன் பங்கை வெளியாளுக்கு விற்கலாமா?

விற்கலாம். வாங்குபவர் பாடுதான் திண்டாட்டம். சொத்து மாற்றச் சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி, பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், மற்றவர்களோடு சேர்ந்து அதில் குடியேறும் உரிமையைப் பெற முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு குடும்பத்தாருக்கு ஒரு வழி தருகிறது: நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். பொதுவாரிசுகளில் ஒருவர் விற்க நினைத்தாலே மற்றவர்களுக்கு முன்னுரிமை தரும் 22ஆவது பிரிவு வாரிசுரிமைச் சட்டத்திலும் உண்டு.

நான்கு மகன்களுக்குத் தலா மூன்று மக்கள், அவர்களுக்குத் தலா மூன்று என்றால் முப்பத்தாறு பேர். முப்பத்தாறில் ஒரு பங்கு என்பது காகிதத்தில் இருக்கிறது. வளவில் அதற்கு ஒரு தூண்கூடக் கணக்கில் வராது. நியாயமாகப் பார்த்தால் ஒரு கிளை மற்றவர்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்கி முழுதாக எடுத்துக்கொள்வதுதான் வீட்டைக் காப்பாற்றும் வழி. ஆனால் விற்க மனமில்லாதவரும் செலவு செய்ய மனமில்லாதவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கிறார்.

பெரியப்பச்சி (பெரியப்பா) குடும்பம் ஐம்பது ஆண்டாகச் சாவியை வைத்திருக்கிறது. வீடு அவர்களுடையதாகிவிடுமா?

அதனால் மட்டும் ஆகாது. ஒரு பங்காளியின் அனுபோகம் எல்லாப் பங்காளிகளின் அனுபோகமாகவே கருதப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்குத் தெரிந்து, அதன்பின் 12 ஆண்டு கழிந்ததாக நிரூபித்தால்தான் நிலைமை மாறும். படைப்புக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம்) உங்களை அழைத்துக்கொண்டே இருந்தால் அப்படி மறுத்ததாகச் சொல்வது அவர்களுக்குக் கடினம். அழைப்பிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு பங்காளி தூண்களையும் நிலையையும் கழற்றி விற்கிறார். தடுக்கலாமா?

தடுக்கலாம், உடனே செய்ய வேண்டும். கட்டடத்தில் பதிந்திருக்கும்வரை தூணும் நிலையும் அசையாச் சொத்தின் பகுதி, எல்லாப் பங்குதாரருக்கும் பொது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். கழன்று லாரியில் ஏறிய பிறகு அது எந்த வீட்டுத் தூண் என்று நிரூபிப்பதற்குள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைத் தாண்டி எங்கோ ஒரு நட்சத்திர ஓட்டலின் வரவேற்பறைக்குப் போயிருக்கும். எனவே ஒவ்வொரு தூணையும் கதவையும் அளவுகோல் வைத்து இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

1972 தொல்பொருள் சட்டம் கட்டடத்திலிருந்து பெயர்த்த, நூறாண்டு நிறைந்த பொருளையும் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். உள்நாட்டில் கைமாறுவதை அந்தச் சட்டம் பெரிதாகத் தடுப்பதில்லை.

அரசு ஏதாவது பாதுகாப்பு தருகிறதா?

2014 முதல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அது ஒரு வரிசை எண்தான், தனியார் வீட்டை இடிப்பதை அது நிறுத்தாது.

விடுதியாக நடத்த வாடகைக்கு விடலாமா?

சில வீடுகள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம், பங்குதாரர் அனைவரும் கையெழுத்திட வேண்டும் அல்லது ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள்: படைப்பு நாட்களில் வளவு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும், பழுது வேலை சுண்ணாம்பில்தான் நடக்க வேண்டும், குளியலறைக்காக இரட்டை வீட்டின் இடைச்சுவரை உடைக்கக் கூடாது. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குத்தகை முடியும்போது எந்தப் புள்ளிக்கு எந்த வீடு என்ற அடையாளமே இல்லாமல் போய், பங்காளிகளுக்குள் புதிய வழக்கு தொடங்குகிறது.